மண்டோரை முந்தக் கூடாது

படகு ஓட்டுகிறவனுக்கு ஆற்றைக் கண்டு பயமில்லை, கரையில் நிற்கிறவர்களைக் கண்டால்தான் பயம். ஆறு தன் பாட்டுக்கு ஓடும். கரையில் நிற்கிறவர் "ஏன் இவ்வளவு லேட்டு?" என்பார். ஏறி உட்கார்ந்ததும் "ஏன் இவ்வளவு வேகம்?" என்பார். இறங்கும்போது செருப்பு நனைந்துவிட்டால் என் பரம்பரையையே இழுப்பார். பஸ், லாரி, மாட்டுவண்டி என்று எதையாவது ஓட்டிப் பிழைத்தவர்களும், அவற்றுக்காகக் காத்து நின்று கால் கடுத்தவர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும். புரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் ஓட்டியது மலாயாவில் பகாவ் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் மோட்டார் படகு. ஆறு தோட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் ஆபீஸ், ரப்பர் பால் சேர்க்கிற ஸ்டோர், ஆஸ்பத்திரி, நாங்கள் குடியிருந்த லயங்கள். அக்கரையில், ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரம் கீழே, பழைய டிவிஷனும் அதன் மாரியம்மன் கோயிலும். அவசரகாலம் வந்ததும், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று அக்கரை ஜனங்களை எல்லாம் இக்கரைக்கு ஓட்டிவந்து முள்கம்பி வேலிக்குள் குடி வைத்தார்கள். அம்மனை மட்டும் யாரும் குடி மாற்றவில்லை. அவளிடம் அடையாளக் கார்டு கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது. திருவிழாவும் இல்லாமல், விளக்கேற்ற ஆளும் இல்லாமல் அவள் அக்கரையில் தனியாக இருந்தாள். அது எங்கள் எல்லோருக்குமே பெரிய மனக்குறை.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் அனுமதி வாங்கினோம். மூன்று நாள், பகலில் மட்டும். கூடவே ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனையோடு நான் பட்ட பாடுதான் இனி வருவது.

யாருடைய நடை?

நிபந்தனை இதுதான். அந்த மூன்று நாளும் ஆற்றில் எந்தப் படகும் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மீறினால் அந்த நிமிஷமே திருவிழா ரத்து. மறுபடி அனுமதி என்ற பேச்சே கிடையாது. காரணம் நியாயமானதுதான். கடைசியாக நடந்த திருவிழாவில் தோட்டத் துரையின் படகு கிளப்பிய அலையில் தெப்பம் சாய்ந்து, பூசாரியும் கரகமும் ஒன்றாக ஆற்றில் இறங்கினார்கள். அதோடு, காவல் கோபுரத்தில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு ஒவ்வொரு படகிலும் யார் யார் போகிறார்கள் என்று முகம் தெரிய வேண்டுமாம்.

வட்டாரத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரியை நாங்கள் போலீஸ் துரை என்போம். அவர் படகுத்துறையில் நின்று இதைச் சொல்ல, எங்கள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி தமிழில் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யாரு நடக்கிற வேகம்ங்கய்யா?" என்று கேட்டுவிட்டேன். கேள்வியில் தப்பில்லை. தோட்டத் துரை நடந்தால் அவருடைய நாய் பின்னால் ஓட வேண்டும். பால் வெட்டுகிற பெண்கள் விடியற்காலையில் மரத்துக்கு மரம் போவதை நடை என்று சொன்னால் ஓட்டத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். கிராணி வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வருவது ஒரு வேகம், ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போவது வேறு வேகம். போலீஸ் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. கையை நீட்டி, கண்ணில் பட்ட முதல் ஆளைக் காட்டி, "அவன் நடக்கிற வேகம்!" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கண்ணில் பட்ட ஆள் மண்டோர் வேலாயுதம். பால் வெட்டு வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். முன்னால் வயிறு, மேலே கறுப்புக் குடை, வாயில் வெற்றிலை, இந்த மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தோட்டத்திலேயே மெதுவாக நடக்கிற மனிதர். போலீஸ் துரை கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார் என்று விட்டிருக்கலாம். ஆனால் படகுத்துறைக் காவலுக்கு இருந்த மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் உசேன், மேலே இருந்து வந்த சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற ரகம். இக்கரையில் வேலிக்கு வெளியே ஆற்றை ஒட்டி ஒற்றை ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு கரைமேடு உண்டு. அதில் மண்டோர் நடக்க வேண்டும், எல்லாப் படகும் அவருக்கு நேராகவோ பின்னாலோ வர வேண்டும், முந்தக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: கரைமேட்டில் யாராவது ஓடினால் கோபுரத்திலிருந்து சுடலாம் என்று உத்தரவு இருக்கிறது, அதனால் மண்டோர் எக்காரணம் கொண்டும் ஓடக் கூடாது. "ஓடறதா? நான் பொறந்ததிலேருந்து ஓடினதில்லியே!" என்று மண்டோர் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. கோப்ரல் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "துவான் கை காட்டியாச்சு. இனிமே சட்டம் மண்டோர்தான்-லா. மண்டோர் நிக்குது, ஆறு நிக்குது."

வெட்டுக்காயம்

முதல் நாள், முதல் நடை. பால்குடமும் தேங்காய்ப் பழத் தட்டுமாகப் படகு நிறையப் பெண்கள். பின்னால் மீன் விற்கும் ஆ சூனின் சம்பான் படகு. அவனுக்குப் பின்னால் போலீஸ் ரோந்துப் படகு. நீரின் போக்கில் போவதால் மோட்டாருக்கு வேலையே இல்லை. நிறுத்திவிட்டு மூங்கிலைச் சேற்றில் ஊன்றிப் படகைப் பிடித்துப் பிடித்து விட்டேன். படகு ஓட்டத்தான் எனக்குத் தெரியும். ஓடாமல் வைத்திருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

மண்டோர் ஏன் மெதுவாக நடக்கிறார் என்பதும் அன்றுதான் விளங்கியது. ரப்பர் மரத்தைப் பார்த்தால் நின்று அதன் வெட்டைப் பார்க்காமல் அவரால் போக முடியாது. கத்தி ஆழமாக இறங்கிப் பட்டையில் காயம் பட்டிருக்கிறதா, பால் வடிகிற கோப்பை நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் காலுக்கே அது பழகிப் போயிருந்தது. கரைமேட்டின் ஓரத்தில், கம்பி வேலிக்கு உள்ளே, நெடுக ரப்பர் மரம். ஒவ்வொரு மரத்துக்கும் மண்டோர் நின்றார். ஆறு நின்றது.

ஒரு மரத்தருகே ரொம்ப நேரம் நின்றவர், குடையை மடக்கி என் படகை நோக்கி நீட்டினார். "அஞ்சலை! இது உன் நிரை மரம்தானே? பட்டையைப் பாரு, ரணகளமா வச்சிருக்கே! மரம் என்ன உன் மாமியாரா?" படகின் நடுவில் உட்கார்ந்திருந்த அஞ்சலைக்கு மாசம் நிறைந்திருந்தது. அவளுடைய முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பால்குடம் எடுத்து வந்திருந்தாள். மண்டோர் திட்டி முடிக்கும் வரை ஆ சூனின் மீனும், ரோந்துப் படகின் போலீஸாரும், பால்குடத்துப் பாலும் வெயிலில் காத்திருந்தன. அஞ்சலை குடத்தை இறக்காமலே கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மண்டோரய்யா, ஏசுறத நடந்துகிட்டே ஏசுங்க. நீங்க கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எம்புள்ள பொறந்து, வளர்ந்து, உங்ககிட்டயே வேலைக்குப் பேரு பதிஞ்சிடும் போல!"

அம்மனுக்கு விசில்

இரண்டாம் நாள் தெப்பம். காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, நடுவில் கரகத்தை வைத்தோம். பக்கத்தில் பூசாரி. படகுத்துறையிலிருந்து கோயில் வரை நீரின் போக்கிலேயே மிதந்து போக வேண்டும். மேலே எங்கேயோ மழை பெய்திருக்கிறது, அது எங்களுக்குத் தெரியாது. கயிற்றை அவிழ்த்ததும் தெப்பம் ஜோராகக் கிளம்பி, ஒரு மரத்தடியில் கோப்பையை நேராக்குவதற்காக வேலிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த மண்டோரைத் தாண்டிப் போய்விட்டது.

மண்டோருக்குப் பின்னால் கரைமேட்டில் வந்த கோப்ரல் விசில் ஊதினார். கரகம் நிற்கவில்லை. இன்னும் பலமாக ஊதினார். அந்தச் சத்தத்திலேயோ என்னவோ பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. "எவண்டா என்னை நிறுத்தறது? எத்தனை நாளா தனியா கெடந்தேன், இப்ப வழியில மறிக்கிறியா?" என்று தெப்பம் ஆட ஆட நின்று ஆடினார். என் படகில் இருந்தவர்கள், அவர்களில் அஞ்சலையின் புருஷன் ஆறுமுகமும் ஒருவன், கயிறு வீசித் தெப்பத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். தெப்பம் படகில் சேராது என்று கோப்ரலும் அதை மீறலாக எழுதவில்லை. மூங்கில் என் கையில் வளைந்து முறியப் பார்த்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று நடுக்கம். கோப்ரலுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கரகத்தைப் பார்த்து ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "மாஃப், அம்மா. பெலான்-பெலான், மெதுவா போ-லா. மண்டோர் பின்னாடி வருது."

வீட்டுக்காரி பேச்சு

அன்று சாயங்காலத்துக்குள் மண்டோரின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. சீக்கிரம் அக்கரை போக வேண்டியவர்கள் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். ஆ சூன் நல்ல மீனாகப் பார்த்து ஒன்றை வாழை இலையில் சுற்றிக் கொடுத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவர் திட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்கள்கூட "கால் வலிக்குதாங்கய்யா?" என்று விசாரித்தார்கள். மண்டோர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அதே வேகத்தில்தான் நடந்தார். அந்த விஷயத்தில் அவரை யாராலும் வளைக்க முடியவில்லை.

அவருடைய சம்சாரம் ராக்காயி, குழாயடியில் நின்று இந்த உபசாரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய், "அண்ணி, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா, கொஞ்சம் எட்டி நடக்கச் சொல்லி?" என்றேன். வாளியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் ஒருத்திதான் இந்த மனுசன் பின்னாடி நின்னு நின்னு வந்தேன். இப்ப போலீசு, பூசாரி, சாமி எல்லாம் நிக்குது. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு தம்பி, நீங்க நல்லா நில்லுங்க."

துரைக்கு அவசரம்

மூன்றாம் நாள் காலையில் தோட்டத் துரை தன் சொந்தப் படகில் பழைய டிவிஷனைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பும்போது எங்களோடு மாட்டிக்கொண்டார். இப்போது எதிர்நீர். மோட்டாரைக் குறைத்தால் படகு நகராமல் அப்படியே நிற்கும், கூட்டினால் மண்டோரை முந்தும். கூட்டியும் குறைத்தும் இருமல்காரன் மாதிரி வந்துகொண்டிருந்தோம். துரையின் படகு புத்தம் புதியது, வேகம் காட்டத் துடித்தது. ஆனால் போன திருவிழாவில் தெப்பத்தைச் சாய்த்தவர் என்பதால் கோப்ரலின் கண் முழுவதும் அவர் மேல்தான்.

பொறுத்துப் பார்த்த துரை எழுந்து நின்று, "மண்டோர்! ஜல்தி போ!" என்று கூப்பிட்டார். அங்கேதான் தப்பு செய்தார். துரை பேசினால் மண்டோர் என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டும். குடையை மடக்க வேண்டும். தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, துரை பேசி முடிக்கும் வரை தலையைக் குனிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் காலகாலமாக இருந்துவரும் மரியாதை அது, அதை ஏற்படுத்தியதும் துரைமார்கள்தான். மண்டோர் நின்றார், மடக்கினார், குனிந்தார். படகுகள் நின்றன. பிறகு நிதானமாகத் தலைப்பாகையைக் கட்டி, குடையை விரித்து, நாலு எட்டு வைத்தார். துரை மறுபடி கத்தினார். மண்டோர் மறுபடி நின்றார். துரைக்கு இது விளங்க வெகு நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபமெல்லாம் வடிந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்காத ஒரு வார்த்தையை அன்று கேட்டேன்: "மண்டோர், நான் இனிமேல் பேசாது. நீ தயவு செய்து நட."

குடை

அன்று மத்தியானம் அக்கரையில் திருவிழாவின் கடைசிப் பூஜை நடந்துகொண்டிருந்தது. அது முடிந்து தெப்பத்தைக் கரகத்தோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டால் ஒரு குறையும் இல்லாமல் முடிந்த மாதிரி. அடுத்த வருஷமும் அனுமதி கிடைக்கும். நான் படகில் உட்கார்ந்து அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அஞ்சலையை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வலி எடுத்துவிட்டது. ஆறுமுகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "போன தடவையும் இப்படித்தாண்ணே திடுதிப்புனு வந்துச்சு. டிரஸ்ஸர்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள..." என்றான். ஆஸ்பத்திரியும் அங்கே வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸரும் இக்கரையில், எதிர்நீரில். மண்டோரின் நடையில் போனால் எப்போது போய்ச் சேருவோம் என்று எனக்குத் தெரியும். முந்திப் போனால் கோயில் வாசலில் நிற்கிற அத்தனை பேரின் வேண்டுதலும் அந்த நிமிஷமே ரத்து. அஞ்சலைக்கே அது தெரிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாவே போங்கண்ணே" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரைமேட்டில், கோயிலுக்கு எதிரே, மண்டோர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். படகை ஆற்றின் நடுவுக்குக் கொண்டுபோய், "மண்டோரய்யா! அஞ்சலைக்கு வலி வந்துருச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் படகைப் பார்த்தார். காவல் கோபுரத்தைப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். அப்புறம் குடையை எடுத்து, கோபுரத்திலிருந்து நன்றாகத் தெரியும்படி உயர விரித்துப் பிடித்துக்கொண்டு, மண்டோர் வேலாயுதம் ஓடினார்.

நான் மோட்டாரை முழுசாக முடுக்கினேன். அந்தப் பழைய மோட்டாருக்கு எதிர்நீரில் முழு வேகமே ஒரு ஆள் ஓடுகிற வேகம்தான். அவர் ஓட நான், நான் ஓட அவர். வயிறு குலுங்குகிறது, செருப்பு ஒன்று ஆற்றில் விழுகிறது, மரத்தை ஒன்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோபுரத்தில் இருந்தவன் அன்று காலையில்தான் வேறு இடத்திலிருந்து மாறி வந்தவன். மண்டோரையும் தெரியாது, குடையையும் தெரியாது. கரைமேட்டில் ஒருவன் ஓடுவதுதான் அவனுக்குத் தெரிந்தது. துப்பாக்கியைத் தூக்கி முதலில் ஆகாயத்தில் ஒரு வெடி வைத்தான். நான் படகுக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனால் வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் மண்டோரின் நிஜமான வேகம் என்னவென்று தெரிந்தது. குடை காற்றில் மேல்நோக்கி மடங்கிவிட்டது, அப்படியும் அதை அவர் கீழே போடவில்லை. அடுத்த வெடி அவர் மேல்தான் என்று நான் கண்ணை மூடப் போன சமயம், படகுத்துறையிலிருந்து கோப்ரல் உசேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோபுரத்தை நோக்கிப் பாய்ந்தார். மலாயிலும் தமிழிலும் அவர் போட்ட கூச்சல் ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது: "ஜாஙான் தெம்பாக்! சுடாதே! மண்டோர் நடக்குது-லா! மண்டோர் நடக்குது!"

விசாரணை

துறையில் படகு முட்டிய வேகத்தில் இறக்கித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரஸ்ஸர் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் மண்டோரைப் படுக்க வைத்து, ராக்காயி முந்தானையால் விசிறினாள். என்றைக்கும் கிண்டல் பேசுகிறவள் அன்று அழுதுகொண்டே விசிறினாள்.

வெடிச் சத்தம் கேட்டுப் போலீஸ் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். படகு அம்பு மாதிரி போனதாகக் கோபுரத்தான் சொல்லிவிட்டான். போலீஸ் துரை எங்களை வரிசையாக நிற்க வைத்தார். எனக்கு வேலை போவது பெரிதாகத் தெரியவில்லை. அக்கரையில் கரகத்தோடு காத்து நிற்கிறவர்களை நினைத்துத்தான் கவலை. "படகு நடை வேகத்தைத் தாண்டியதா?" என்று கேட்டார். கோப்ரல் விறைப்பாக சலாம் வைத்து, படகு மண்டோரை ஒரு சாண்கூட முந்தவில்லை, துவான் கைகாட்டிய ஆள் இவர்தான் என்றார். போலீஸ் துரை பெஞ்சைப் பார்த்தார். ஒற்றைச் செருப்பு, தலைகீழாக மடங்கிய குடை, துருத்தி மாதிரி ஏறி இறங்குகிற வயிறு. அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆறுமுகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போலீஸ் துரை தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார். "நடையே இந்த வேகம்னா ஓட்டம் எப்படி இருக்கும்னு துரை கேக்கறார்யா" என்று கிராணி மொழிபெயர்த்தார். மண்டோர் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து, இல்லாத தலைப்பாகையைத் தலையில் தேடிவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னார்: "எனக்கு ஓடத் தெரியாதுங்க, துரை."

திரும்பிய தெப்பம்

திருவிழா பிழைத்தது. ஆனால் மண்டோரின் கால் இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன. மண்டோர் நடக்காமல் படகு எப்படிப் போகும் என்று கோப்ரல் கேட்டார். அந்த மனிதர் மாறவே இல்லை. கடைசியில் மண்டோரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கம்புகளைக் கட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகக் கரைமேட்டில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆற்றில் கரகம், கரையில் மண்டோர், இரண்டும் நேருக்கு நேராக வந்தன. லயத்து ஜனங்கள் வேலி ஓரமாக வரிசையாக நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார்கள். மண்டோருக்கு வெட்கம் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள இருந்த ஒரே சாக்கு ரப்பர் மரங்கள்தான். ஒவ்வொரு மரத்திலும் தூக்குகிறவர்களை நிறுத்தச் சொல்லி வெட்டைப் பார்த்தார். யாரும் முணுமுணுக்கவில்லை.

பிள்ளை ஆண். நன்றாகத் தங்கிவிட்டது. மண்டோர் பெயரையே வைக்க வேண்டும் என்று ஆறுமுகம் ஒற்றைக் காலில் நின்றான், பூசாரியும் சரி என்றார். நானும் ராக்காயியும் பார்க்கப் போனபோது அஞ்சலை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கரைமேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான்: "வேலாயுதம்னே வைங்கண்ணே, எனக்கும் அதான் ஆசை. ஆனா எம்புள்ள எப்ப நடக்கப் பழகும்னுதான் கவலையா இருக்கு."

அதற்கப்புறம் எத்தனையோ சட்டங்களைப் பார்த்துவிட்டேன், ஒரு பெண்ணுக்காக எழுந்து ஓடியது அந்த ஒன்றுதான், அதுவும் குடை பிடித்துக்கொண்டு, நடப்பதாகச் சொல்லிக்கொண்டு.